கதவில் ஐந்து டாலர்

மேடைக்கு முன்னால் – 11

இண்டி ராக் கச்சேரிக்குப் போய்வந்த ஒரு ரசிகரிடம் 'எப்படி இருந்தது?' என்று கேட்டுப் பாருங்கள். அவர் பாட்டிலிருந்து தொடங்குவது அபூர்வம். எந்த ஊர், எந்தக் கூடம், எத்தனை பேர் வந்திருந்தார்கள், மேடையிலிருந்து எத்தனை அடி தள்ளி நின்றார், உள்ளே எவ்வளவு புழுக்கம், யாருடைய முழங்கை விலாவில் இடித்தது, டிக்கெட் என்ன விலை என்றுதான் ஆரம்பிப்பார். விமரிசகர்கள் இந்தத் தகவல்களைச் சுற்றுப்புறம் என்று ஒதுக்கிவிட்டு, இசையை மட்டும் தனியே எடுத்துப் பேசுவார்கள். ரசிகர் பேசுவதுதான் சரி என்பது என் கட்சி. நுழைவுக் கட்டணம், வயது வரம்பு, கூடத்தின் அளவு, மேடையின் உயரம், கூட்டத்தில் யார் எங்கே நிற்க முடிகிறது என்பது எல்லாம் சேர்ந்துதான் இந்த இசையை உண்டாக்குகின்றன. கிட்டாருக்கு அதில் எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு இவற்றுக்கும் உண்டு. சென்ற வாரம் சிறிய இசைத்தட்டு நிறுவனங்கள் பிறந்த கதையைப் பார்த்தோம். அந்தத் தட்டுகளைப் போட்டவர்கள் வாசித்த கூடங்களுக்குள் இந்த வாரம் நுழைவோம். பல குழுக்களைத் தொட்டுத் தொட்டுப் போவதைவிட ஒரு குழுவை நெருங்கி நின்று பார்ப்பது நல்லது. அது வாஷிங்டன் நகரத்து ஃபுகாஸி.

இந்தக் குழுவை எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. ரசிகரின் அனுபவத்தைப் பற்றி வாதாடும்போது கையில் சாட்சியம் கிடைப்பது கடினம். மிஞ்சுவது நினைவு, நினைவோ வருடத்துக்கு வருடம் வளரும். 1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரின் லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹாலில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழு வாசித்தபோது உள்ளே இருந்தவர்கள் சில பத்துப் பேர்தான். 'நானும் அன்று அங்கே இருந்தேன்' என்று பிற்பாடு சொன்னவர்களை எண்ணினால் அந்தக் கூடம் பல முறை நிரம்பி வழிந்திருக்க வேண்டும். உண்மையில் யார் யார் வந்திருந்தார்கள் என்று தேடி டேவிட் நோலன் ஒரு புத்தகமே எழுதினார். ஃபுகாஸி விஷயத்தில் நிலைமை வேறு. 1987 முதல் 2002 வரை அவர்கள் வாசித்த கச்சேரிகள் ஆயிரத்துக்கும் மேல். அவற்றில் எண்ணூறுக்கும் மேற்பட்டவற்றைக் குழுவின் ஒலிப்பொறியாளர்கள், முக்கியமாக ஜோயி பிக்கூரி, பதிவு செய்து வைத்தார்கள். முதலில் கேசட், பிறகு டிஜிட்டல் நாடா, அதன் பிறகு சிடி என்று பெட்டி பெட்டியாகச் சேர்ந்தது. 2011 டிசம்பரில் அவர்களுடைய டிஸ்கார்ட் நிறுவனம் இவற்றை வரிசையாக வெளியிடத் தொடங்கியது. ஒவ்வொரு பதிவுக்கும் தேதியும் ஊரும் கூடமும் குறிக்கப்பட்டிருக்கின்றன. தெரிந்த இடங்களில் கதவில் வாங்கிய கட்டணமும் வந்தவர்களின் எண்ணிக்கையும் கூட உண்டு. ஒரு கச்சேரிக்கு அவர்கள் சொன்ன விலை 5 டாலர். 1 டாலர் முதல் 100 டாலர் வரை, கேட்பவர் விரும்பியதைக் கொடுக்கலாம். தடுமாறிய தொடக்கங்கள், நடுவில் அறுந்த கிட்டார் கம்பி, கூட்டத்தோடு நடந்த வாக்குவாதம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஒரு ராக் குழுவும் அதன் ரசிகர்களும் சந்தித்த இரவுகளுக்கு இவ்வளவு விரிவான ஆவணம் அமைவது மிக அரிது.

ஃபுகாஸியின் முதல் கச்சேரி 1987 செப்டம்பர் 3 அன்று வாஷிங்டனின் வில்சன் சென்டர் என்ற கூடத்தில் நடந்தது. அன்று வாசித்தவர்கள் மூன்று பேர்: பாட்டும் கிட்டாருமாக இயன் மெக்காய், பேஸ் கிட்டாரில் ஜோ லாலி, டிரம்ஸில் பிரெண்டன் கேன்ட்டி. கை பிச்சியோட்டோ பிறகு வந்து சேர்ந்தார். சில காலம் பாட மட்டும் செய்து, அப்புறம்தான் கிட்டாரைக் கையில் எடுத்தார். மெக்காய் அதற்கு முன்பே மைனர் த்ரெட் குழுவில் பாடிப் பெயர் வாங்கியவர், 1980இல் நண்பர்களோடு டிஸ்கார்டைத் தொடங்கியவர். அந்த அனுபவத்தில் இந்தக் குழு சில விதிகளை வைத்துக்கொண்டது. கட்டணம் 5 டாலர், அல்லது அதை ஒட்டியே இருக்க வேண்டும். எந்த வயதுக்காரரும் உள்ளே வர முடிய வேண்டும். குழுவின் பெயர் போட்ட டி-ஷர்ட்டோ வேறு சாமானோ விற்பதில்லை. மேனேஜர் வைத்துக்கொள்வதில்லை, ஊர் ஊராகப் போன் போட்டுக் கச்சேரி பேசுவது மெக்காயின் வேலை. பயணம் வேனில். சொந்த ஊரில் வாசித்தவை அநேகமாக நிதி திரட்டும் நிகழ்ச்சிகள். 1985இல் உருவான பாசிடிவ் ஃபோர்ஸ் என்ற இளைஞர் அமைப்போடு சேர்ந்து அவற்றை நடத்தினார்கள். 1991 ஜனவரி 12 அன்று, வளைகுடாப் போர் மூள இருந்த நாட்களில், வெள்ளை மாளிகைக்கு எதிரே லஃபாயெட் பூங்காவில் போரை எதிர்த்து வாசித்தார்கள்.

இந்த விதிகளை நல்ல மனசு என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். அவை கூடத்துக்குள் என்ன வேலை செய்தன என்பதுதான் எனக்கு முக்கியம். 1988இன் 5 டாலர் இன்றைய மதிப்பில் ஏறத்தாழ 13 டாலர் ஆகும். இழந்தாலும் பெரிதாக வலிக்காத தொகை. பெயரைக் கேள்விப்பட்டதோடு சரி, பாட்டு எதுவும் தெரியாது என்பவரும் உள்ளே வந்து பார்க்கலாம். தங்கையையும் கூட்டி வரலாம். இது கூடத்தில் யார் இருக்கிறார்கள் என்பதை மாற்றுகிறது. வந்தவர்களின் எதிர்பார்ப்பையும் மாற்றுகிறது. நூறு டாலர் கொடுத்து வந்தவருக்குத் தெரிந்த பாட்டுகள் எல்லாம் வந்தாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஏமாந்துவிட்டதாகத் தோன்றும், அதில் தவறில்லை. ஐந்து டாலர் கொடுத்தவர் இன்னும் முடிக்கப்படாத ஒரு பாட்டை எட்டு நிமிடம் பொறுமையாகக் கேட்பார். ஃபுகாஸி பாட்டு வரிசை எழுதி வைத்துக்கொண்டு மேடை ஏறியதே இல்லை. ஒருவர் ஒரு பாட்டின் முதல் சுரங்களைத் தொடுவார், மற்ற மூவரும் அதைப் பிடித்துக்கொள்வார்கள். அடுத்தடுத்த இரவுகளின் பதிவுகளைக் கேட்டால், ஒரே பாட்டு முதல் நாள் தொடக்கத்திலும் மறுநாள் கடைசியிலும் வருவதையும், நடுவில் ஒரு பகுதி நீண்டு வேறு ஏதோவாக மாறுவதையும் காணலாம். இசைத்தட்டில் வருவதற்கு முன்பே பல பாட்டுகள் இப்படி மேடையில் வளர்ந்தன. ஃபுகாஸியின் சுதந்திரம் என்று நாம் கொண்டாடுவதில் ஒரு பங்கை அந்த மலிவான டிக்கெட்தான் வாங்கித் தந்தது.

வயது விஷயம் இன்னும் கனமானது. அமெரிக்காவில் சிறிய கூடங்கள் வாழ்வது டிக்கெட் பணத்தில் அல்ல, மது விற்பனையில். 1984இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் மது வாங்கும் வயதை 21 ஆக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியைக் குறைத்தது. மாநிலங்கள் ஒவ்வொன்றாக வழிக்கு வந்தன. அதோடு பதினாறு வயதுப் பையனும் பெண்ணும் பல கூடங்களின் வாசலில் நிறுத்தப்பட்டார்கள். அந்த வயதில்தான் இந்த இசை ஆழமாகப் பற்றிக்கொள்கிறது. அந்த வயதுக்காரர்தான் மறுநாள் காலையில் நண்பனைப் பிடித்து 'நாமும் ஒரு குழு தொடங்கலாம்' என்பவர். மெக்காயும் ஒரு காலத்தில் அந்த வாசலில் நின்றவர்தான். 1980இல் அவருடைய அப்போதைய குழுவான டீன் ஐடில்ஸ் கலிபோர்னியாவுக்குப் போனபோது, சான் ஃபிரான்சிஸ்கோவின் மபுஹாய் கார்டன்ஸ் கூடத்தில் சிறுவர்களின் புறங்கையில் மார்க்கர் பேனாவால் பெரிய எக்ஸ் குறி போட்டு உள்ளே விட்டார்கள். அந்தக் கைக்கு மது விற்கக் கூடாது என்று பொருள். ஊர் திரும்பியதும் வாஷிங்டனின் 9:30 கிளப்பில் இதே யோசனையை அவர்கள் முன்வைத்தார்கள். கருப்பு மையில் இரண்டு கோடுகள், அவ்வளவுதான்; ஒரு தலைமுறைக்கே அது கதவைத் திறந்துவிட்டது. டேவ் குரோல் வாஷிங்டனை ஒட்டிய வர்ஜீனியாவில் வளர்ந்தவர். 13 வயதில் சிகாகோவின் கபி பேர் என்ற பாரில் நேக்கட் ரேகன் குழுவைக் கேட்டதைத்தான் தன் முதல் கச்சேரி என்று அவர் சொல்லி வருகிறார். 17 வயதில் வாஷிங்டன் வட்டாரத்தின் ஸ்கிரீம் குழுவில் டிரம்ஸ் வாசித்தார், 1990இல் நிர்வானாவில் சேர்ந்தார். கபி பேரின் வாசலில் அன்று அவரைத் திருப்பி அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஊகிக்க எனக்கு விருப்பமில்லை. அந்தப் பையனை உள்ளே விட்டார்கள் என்பது நமக்குப் போதும்.

கூடத்துக்குள்ளே ஒரு காட்சியைப் பக்கத்தில் நின்று பார்ப்போம். ஜெம் கோஹன் 1999இல் முடித்த 'இன்ஸ்ட்ருமென்ட்' என்ற ஆவணப்படத்தில் 1988இல் ஃபிலடெல்பியாவில் எடுத்த சில நிமிடங்கள் இருக்கின்றன. இடம் ஒரு உடற்பயிற்சிக் கூடம். ஒருபக்கம் கூடைப்பந்து வளையம் தொங்குகிறது. பிச்சியோட்டோ அதில் ஏறி, வளையத்துக்குள் கால்களை நுழைத்துத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே பாடுகிறார். கீழே நிற்பவர்களின் தலைக்கு மேலே அவர் தலை. மைக் கம்பி கீழ்நோக்கித் தொங்குகிறது. படம் பார்ப்பவரின் கண் முதலில் அவர் மேல்தான் போகும். இரண்டாம் முறை பார்க்கும்போது சுற்றி நிற்கும் முகங்களைக் கவனியுங்கள். யாரும் விலகி இடம் விடவில்லை. மேடை என்று ஒன்று அந்த நேரத்தில் இல்லாமலே போய்விட்டது. பாடுபவர் விழுந்தால் தாங்க வேண்டியவர்கள் அவர்கள்தான் என்பது அவர்களுக்கும் தெரிகிறது, பாடுபவருக்கும் தெரிகிறது. இருபதாயிரம் பேர் கூடும் அரங்கில், தடுப்புக் கம்பிக்கும் மேடைக்கும் நடுவில் காவலர்கள் நிற்கும் ஏற்பாட்டில், இப்படி ஒரு நிமிடம் பிறக்க வழியில்லை. அந்தப் பாட்டு அந்த நிமிடத்தில் அப்படி ஒலித்ததற்கு, அந்தக் கூடமும் அதில் நின்றவர்களும் காரணம்.

நெருக்கத்துக்கு ஒரு விலையும் உண்டு. அதையும் சொல்லியாக வேண்டும். முன்வரிசையில் குதித்து மோதிக்கொள்ளும் ஆட்டத்தில் சிலர் அடிக்கவே வருவார்கள். ஃபுகாஸி பாட்டை நடுவில் நிறுத்திவிடும். மெக்காய் அந்த ஆளைச் சுட்டிக்காட்டி மரியாதையாகப் பேசுவார். கேட்கவில்லை என்றால் ஐந்து டாலரைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்புவார்கள். அதற்கென்றே பணம் போட்ட கவர்களைத் தயாராக வைத்திருந்தார்கள். பதிவுகளில் இந்தப் பேச்சுகள் பலவும் இருக்கின்றன. சில ரசிகர்களுக்கு இது எரிச்சல் ஊட்டியது: காசு கொடுத்து வந்தவர்களுக்கு வகுப்பெடுக்கிறார்கள் என்றார்கள். எனக்கு இது வேறு விதமாகப் படுகிறது. பெரிய அரங்கில் ஒருவரை வெளியேற்றுவது சீருடைக்காரரின் வேலை. பாடுபவருக்கு அது தெரியக்கூட வராது. இங்கே பாடுபவரே பொறுப்பேற்றார், எல்லோரும் பார்க்கப் பேசினார், பணத்தையும் திருப்பினார். அடிபட்டுக்கொண்டிருந்த யாரோ ஒரு ரசிகர் அடுத்த பாட்டை நிம்மதியாகக் கேட்டார். பாட்டு நின்ற அந்த இரண்டு நிமிடங்களையும் கச்சேரியின் பகுதியாகத்தான் நான் கணக்கிடுகிறேன்.

இப்போது எதிர்வாதங்களுக்கு வருவோம். முதலாவது, இவ்வளவு பதிவுகள் இருக்கும்போது கூடம் எதற்கு என்பது. எண்ணூறு இரவுகளை வீட்டில் உட்கார்ந்து கேட்கலாமே? கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அந்தப் பதிவுகளைக் கவனமாகக் கேட்பவருக்கு அவற்றின் எல்லையும் காதில் விழும். ஒலிக்கலவைப் பலகையிலிருந்து எடுத்த நாடாவில் மைக் முன்னால் நடந்தது தெளிவாக இருக்கும். கூட்டம் பெரும்பாலும் தூரத்து இரைச்சலாகத்தான் கேட்கும், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் மட்டும் மேலெழும். ரசிகர் கேட்டதும் நாடா கேட்டதும் ஒன்றல்ல. இதை இன்னும் கூர்மையாகக் காட்ட வேறொரு குழுவின் உதாரணம் இருக்கிறது. டப்ளினில் தொடங்கிய மை பிளடி வேலன்டைன் 1988இல் 'யூ மேட் மீ ரியலைஸ்' என்ற பாட்டை வெளியிட்டது. தட்டில் அதன் நடுவே ஒரு நிமிடத்துக்கும் குறைவாக வெறும் இரைச்சல் வரும். மேடையில் அதே இடத்தை அவர்கள் பத்து நிமிடம், இருபது நிமிடம், சில இரவுகளில் அதற்கும் மேலாக நீட்டினார்கள். 2008இல் மறுபடி ஒன்றுசேர்ந்து வாசித்தபோது வாசலில் காதடைப்பான்கள் கொடுத்தார்கள். அந்த அளவு ஒலியில் காது கேட்பதை நெஞ்சுக்கூடும் கேட்கிறது. முதல் ஐந்து நிமிடம் எரிச்சல், பிறகு பயம், அதன் பிறகு இரைச்சலுக்குள்ளேயே இல்லாத ராகங்கள் கேட்கத் தொடங்குவதாகப் பல ரசிகர்கள் ஒரேபோலச் சொல்கிறார்கள். வீட்டில் இதை யாரும் இருபது நிமிடம் கேட்க மாட்டார்கள். கை தானாக ஒலியைக் குறைத்துவிடும். சுற்றிலும் நூறு பேர் அசையாமல் நிற்பதுதான் ஒருவரை அங்கே நிறுத்தி வைக்கிறது.

இரண்டாவது எதிர்வாதம் காசைப் பற்றியது, இது இன்னும் வலுவானது. ஐந்து டாலர் கச்சேரி நடத்த ஃபுகாஸியால் முடிந்தது, காரணம் அவர்களுக்குச் சொந்தமாக ஒரு நிறுவனம் இருந்தது, தட்டுகள் விற்றன, ஆயிரம் பேர் வந்தார்கள். இன்று தட்டு விற்பனை படுத்துவிட்டது, பெட்ரோல் விலையும் வாடகையும் ஏறிவிட்டன, டி-ஷர்ட் விற்றால்தான் சாப்பாடு. இளம் குழு ஒன்றிடம் போய் ஃபுகாஸியைப் பார் என்பது கொடுமை என்கிறார்கள். இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். டி-ஷர்ட் விற்கும் குழுவை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கணக்கை முழுதாகப் போட வேண்டும். ஆயிரம் பேர் ஐந்து டாலர் கொடுத்தால் 5000 டாலர். மேனேஜருக்கும் ஏஜென்டுக்கும் பங்கு போகாமல், லாரி நிறைய விளக்குகள் இல்லாமல், அந்த 5000 டாலரில் நான்கு பேர் பிழைக்க முடிந்தது. மலிவு விலை அவர்கள் புகழின் பலனாக வந்ததல்ல. பெயர் பெறாத காலத்திலேயே அவர்கள் செலவைக் கட்டுப்படுத்தி அமைத்துக்கொண்டது. விலையைக் குறைக்கப் புகழ் மட்டும் போதாது என்பதற்கு நல்ல சாட்சி பேர்ல் ஜாம். அவர்கள் சோனியின் எபிக் நிறுவனத்துக்குப் பாடியவர்கள், இண்டி குழு அல்ல. 1994இல் உலகத்திலேயே பெரிய ராக் குழுக்களில் ஒன்று. டிக்கெட் 20 டாலருக்குள் இருக்க வேண்டும் என்று அவர்கள் விரும்பினார்கள். பெரிய அரங்குகள் பலவும் டிக்கெட் விற்கும் டிக்கெட்மாஸ்டர் நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருந்ததால் அது நடக்கவில்லை. நீதித்துறையிடம் புகார் கொடுத்தார்கள், அந்த ஜூன் மாதம் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார்கள். 1995இல் நீதித்துறை விசாரணையைக் கைவிட்டது. கோடிக்கணக்கில் தட்டு விற்ற குழுவால் முடியாததை, வேனில் போன நால்வர் இரவுதோறும் செய்தார்கள். அவர்கள் வாசித்தது தேவாலயக் கூடங்களிலும் பள்ளி அரங்குகளிலும் சிறு கிளப்புகளிலும் என்பதே இதற்குப் பெரும் காரணம். கூடம் கையில் இருந்ததால் விலையும் கையில் இருந்தது.

மூன்றாவது எதிர்வாதத்தை நான் மிகவும் மதிக்கிறேன். கதவு எல்லோருக்கும் திறந்திருந்தது என்கிறீர்கள், உள்ளே முன்வரிசையில் நின்றது யார்? பெரும்பாலும் வெள்ளை இளைஞர்கள், உடம்பில் வலுவுள்ள ஆண்கள். பெண்கள் சுவரோரம் கோட்டுகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இதை வெளியிலிருந்து யாரும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை, அந்த வட்டத்துப் பெண்களே சொன்னார்கள். வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பியாவில் 1990இல் தொடங்கிய பிகினி கில் குழுவின் கேத்லீன் ஹான்னா, பாடத் தொடங்கும் முன் பெண்களை முன்னால் வரச் சொல்வார், ஆண்களைப் பின்னால் போகச் சொல்வார். பாட்டு வரிகள் அச்சடித்த தாள்களைப் பெண்களுக்குக் கொடுப்பார். ஆண்கள் சிலர் கத்தினார்கள், சில இரவுகளில் சண்டையும் வந்தது. 1991 ஆகஸ்டில் கே ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் ஒலிம்பியாவில் நடத்திய இன்டர்நேஷனல் பாப் அண்டர்கிரவுண்ட் கூடுகையின் முதல் இரவு பெண் இசைக்கலைஞர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. அதே கூடுகையில் ஃபுகாஸியும் வாசித்தது. கருப்பினத்தவரின் கதை இன்னும் பழையது. வாஷிங்டன் பங்க் இசைக்கு வேகம் கற்றுக்கொடுத்ததே பேட் பிரெய்ன்ஸ் என்ற கருப்பினக் குழுதான். சொந்த ஊரின் கூடங்களே அவர்களுக்குக் கதவைச் சாத்தின, அதைப் பற்றி அவர்கள் பாட்டே எழுதினார்கள். இவை என் வாதத்தைச் சாய்த்துவிடுவதாக ஒருவர் நினைக்கலாம். நான் அப்படி எண்ணவில்லை. ஐந்து டாலர் விலை போதவில்லை, நிற்கும் இடத்தையும் மாற்ற வேண்டியிருந்தது என்றுதான் ஹான்னா காட்டினார். பெண்கள் முன்னால் வந்த இரவில் அதே மூன்று சுரங்களுக்கு வேறு அர்த்தம் வந்தது. ஏற்பாடு மாறினால் இசை மாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் கூடங்களின் கதி என்ன? பிரிட்டனில் சிறிய இசைக்கூடங்களுக்காக 2014இல் மியூசிக் வென்யூ டிரஸ்ட் என்ற அறக்கட்டளை தொடங்கியது. 2023இல் மட்டும் 125 கூடங்களில் நேரடி இசை நின்றுபோனது என்று அது கணக்குச் சொன்னது. ஆள் வராத கூடம் மூடத்தானே வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. பல கூடங்கள் ஆள் வந்தும் மூடப்பட்டவை. வாடகை உயர்ந்தது, மின்கட்டணம் ஏறியது, பக்கத்தில் புதிதாக எழும்பிய அடுக்குமாடியில் குடிவந்தவர்கள் சத்தம் என்று புகார் கொடுத்தார்கள். ஓயாசிஸ் குழுவை, அதற்கு ஒப்பந்தம் கொடுத்த இசைத்தட்டு நிறுவனத்தின் ஆலன் மெக்கீ முதன்முதலில் கேட்டது 1993 மே 31 அன்று, கிளாஸ்கோவில் சுமார் 300 பேர் கொள்ளும் கிங் டட்ஸ் கூடத்தில். பின்னாளில் அந்தக் குழுவின் பெயரால் மைதானங்கள் சம்பாதித்த பணத்தில் அந்த முந்நூறு பேர் கூடத்துக்கு எதுவும் திரும்பிப் போவதற்கு ஏற்பாடு இல்லை. பெரிய அரங்குகளில் விற்கும் ஒவ்வொரு டிக்கெட்டிலிருந்தும் 1 பவுண்டைச் சிறிய கூடங்களுக்குத் தர வேண்டும் என்று அறக்கட்டளை கேட்கிறது. 2024இல் நாடாளுமன்றக் குழு ஒன்றும் அப்படி ஒரு தொகை வேண்டும் என்று பரிந்துரைத்தது; அரசு அதைத் தன்விருப்பமாகத் தரும்படி இசைத்துறையைக் கேட்டுக்கொண்டது. தன்விருப்பம் போதாது, சட்டமாக்க வேண்டும் என்பது என் கருத்து. 2023இல் ஆதர்ட்டன் என்ற சிற்றூரின் ஸ்னக் என்ற கூடத்தை, ரசிகர்கள் பங்குபோட்ட பணத்தைக் கொண்டு விலைக்கே வாங்கினார்கள். இசையைக் காப்பாற்றக் கட்டிடத்தை வாங்க வேண்டும் என்று ரசிகர்களுக்குத் தெரிந்திருக்கிறது. விமரிசகர்களும் இனிக் கட்டிடத்தைப் பற்றி எழுத வேண்டும்.

ஃபுகாஸி கடைசியாக வாசித்தது 2002 நவம்பர் 4 அன்று லண்டனில். குழு கலைந்துவிட்டதாக அவர்கள் அறிவிக்கவில்லை, மறுபடி வாசிக்கவும் இல்லை. ஆனால் வாஷிங்டனில் அவர்கள் கோடைதோறும் வந்து வாசித்த இடம் ஒன்று அப்படியே இருக்கிறது. நகரின் வடமேற்கில் ஃபோர்ட் ரீனோ என்ற மேட்டுப் பூங்கா. ஒரு சின்ன மேடை, அதற்கு முன்னால் புல்வெளி. 1968 முதல் அங்கே கோடைக்காலக் கச்சேரிகள் நடக்கின்றன. 2014இல் பூங்காக் காவலுக்கான செலவை ஏற்பாட்டாளர்கள் தலையில் கட்டப் பார்த்ததால் அந்த வருடக் கச்சேரிகள் ரத்து என்று அறிவிக்கப்பட்டது. ஊரார் சும்மா இருக்கவில்லை, சில நாட்களில் முடிவு மாறியது, கச்சேரி நடந்தது. அங்கே மது கிடையாது, வயது வரம்பு கிடையாது, கட்டணமும் கிடையாது.

(தொடரும்)